ஆம், இல்லை

பைசாந்து. ஜூலை. விடிகாலை மூன்று மணி.
வாசலில் பதினொரு பால் லாரிகள்.
எடை போட்டாயிற்று, சீட்டு வரவில்லை.
சீட்டில்லாமல் கதவைத் திறக்க
காவலர் வாஷிங்டன் எட்செபாரேவுக்கு அதிகாரமில்லை.
தொலைபேசியில் அவர் குரலுக்குப் பின்னால்
எஞ்சின்கள் இருமுகின்றன.

ஞாயிறு முழுக்க, விடுமுறைத் திங்கள் முழுக்க
கையால் எழுதி ஓட்டியிருக்கிறார்கள்.
கைச்சீட்டுப் புத்தகம் தீர்ந்த பிறகுதான்
என்னை எழுப்பத் தோன்றியிருக்கிறது.

கம்பளிக்கு மேல் கம்பளி.
மாத்தே குடுவை முழங்கால்களுக்கு நடுவில்.
சர்வருக்குள் நுழைகிறேன்.

அது சும்மா இருக்கிறது.
அதுதான் எனக்குப் பயம்.
வெறிபிடித்து ஓடும் நிரலைப் பிடிப்பது சுலபம்,
மூச்சு வாங்கும், சூடேறும், விசிறி அலறும்.
இது வேறு ரகம்.

பட்டியலில் நாற்பது வேலைகள்.
ஒவ்வொன்றாகக் கேட்டேன்:
நீ யாருக்காக நிற்கிறாய்?
முன்னால் நிற்பவருக்காக.
அவர்?
அவருக்கு முன்னால் நிற்பவருக்காக.
இப்படியே முப்பத்தொன்பது பேர்,
ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

வரிசையின் தலையில் 20714.
தொடங்கி ஐம்பத்தொரு மணி நேரம்.
அதில் அது உழைத்தது
நான்கு வினாடி.

மீதி நேரமெல்லாம்
எடை அட்டவணையை உடும்பாய்ப் பற்றிக்கொண்டு
இருட்டில் உட்கார்ந்திருக்கிறது.

என்ன வேண்டுமாம் இதற்கு?
பதிவேட்டைப் பிரித்தேன். கடைசி வரி:

*தொட்டி 9. கொழுப்பு 2.1. தொடரலாமா? ஆம் / இல்லை*

திரையே இல்லாத இடத்தில்
யாரோ ஒரு கேள்வியை எழுதி வைத்திருக்கிறார்கள்.
பகலில், மேசையில், சோதித்துப் பார்த்து,
தானே 'ஆம்' என்று தட்டிவிட்டு,
அப்படியே தூக்கி இரவு வேலையில் போட்டிருக்கிறார்கள்.
எந்தப் புத்திசாலி?
மேலே உருட்டினேன்.

உருவாக்கியவர்: நேலிதா அரம்பிதே.

நான்தான்.
இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச்.
பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று
யாரையோ சந்தேகப்பட்ட மாதம்.
அதன் பிறகு எந்தத் தொட்டியும் இவ்வளவு இறங்கவில்லை,
கேள்வியும் வாயைத் திறக்கவில்லை.
இந்தச் சனி நள்ளிரவு தாண்டித் திறந்திருக்கிறது.

முதலில் மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும்:
போதும், கைவேலையை ஒழுங்காக வைத்துவிட்டுக் கிளம்பு.
ஒரு நிமிஷம் பார்த்தேன்.
அசையவில்லை.
இரண்டே சொற்களுக்குக் காது வைத்திருப்பது
மூன்றாவதை எப்படிக் கேட்கும்?

அடுத்த கட்டளைக்கு மரியாதை கிடையாது.
எண்ணை விரல் வைத்துப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.
20741 சம்பளப் பட்டியல்.
ஒஸ்மார் ஒருமுறை இரண்டு இலக்கம் மாற்றி அடித்து
முந்நூறு வீட்டில் அடுப்பெரியாமல் செய்தான்.

இரண்டு, சுழியம், ஏழு, ஒன்று, நான்கு.

அடித்தேன்.

சத்தமில்லை. பட்டியலில் ஒரு வரி குறைந்தது, அவ்வளவுதான்.
பிறகு முப்பத்தொன்பதும்
மடை திறந்ததுபோல் இறங்கின,
நான் எண்ணி முடிப்பதற்குள்.
தொலைபேசியில் அச்சு இயந்திரம் கரகரத்தது.
வாஷிங்டன் யாரையோ திட்டினார், சந்தோஷமாக.
கதவு தண்டவாளத்தில் உருளும் ஓசை.

"ஒன்பதாம் தொட்டி," என்றேன், "சனிக்கிழமைப் பால்.
அதை மட்டும் தனியாக நிறுத்தி வையுங்கள்."

"சனிக்கிழமைப் பாலா?" சிரித்தார்.
"காய்ச்சி, இனிப்பாகி, புட்டியில் அடைத்து
நேற்றே மொண்டெவிடேயோ போய்விட்டதே, அம்மா."

பால் போன பிறகும்
பாலைப் பற்றிய கேள்வி
கையை எடுக்காமல் இருந்திருக்கிறது.

அந்த வரியை நிரலிலிருந்து நீக்கிவிட்டேன்.
குடுவையில் மிச்சம் ஆறிப்போய்க் கசந்தது.
உறிஞ்சிவிட்டு, மின்கட்டண உறையின் முதுகில்
பென்சிலால் எழுதினேன்:
தொட்டி 9. 2.1. யாருடைய மாடுகள்?